பதினான்காம் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஹேமநாதன் என் மேசைமேல் ஒரு கறிபாப் பலகாரப் பெட்டியை வைத்தார். கூலாயில் எங்கள் பழைய கடையில் வாங்கியது. அடிப்பக்கம் எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டி, மேலே ரப்பர் பேண்டு. "உனக்குன்னே உருளைக்கிழங்கு போட்டது வாங்கிட்டு வந்தேன் பிரேமா. சாடின் உனக்குப் புடிக்காதுல்ல," என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு, எனக்கு மத்தி மீன் பிடிக்காது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"இன்னும் அதே சீட்டுதானா?" என்று கேட்டார்.

"நாற்காலி வேற அண்ணே. இதுல ஒரு சக்கரம் இல்ல."

அவர் சிரித்தார். சிங்கப்பூர் போனபிறகு சிரிப்பு கொஞ்சம் சுருங்கிவிட்டது, பல் தெரிவதில்லை. மனத்துக்குள் நான் அவரை அவன் என்றுதான் சொல்லிக்கொள்வேன். வாயைத் திறந்தால் அண்ணே என்றும், எழுதினால் அவர் என்றும் வந்துவிடுகிறது. வளர்ப்பு அப்படி, என்ன செய்வது.

எங்கள் அலுவலகம் செடெனாக்கில், முன்பு செம்பனை நின்ற இடத்தில் எழும்பிய ஜன்னலில்லாத கட்டடங்களில் ஒன்றில் இருக்கிறது. வேலை இதுதான். ஜொகூர் பாருவில் ஓர் இரத்தப் பரிசோதனை ஆய்வகம். மாநிலம் முழுக்க அதற்கு நூற்று நாற்பத்திரண்டு கிளினிக்குகள். ஆய்வகம் அனுப்பும் முடிவுகளை நடுவில் ஒரு மென்பொருள் வாங்கி, வரிசையில் வைத்து, அந்தந்தக் கிளினிக்கின் கம்ப்யூட்டரிடம் சேர்க்கும். அந்த நடு மென்பொருளை மேய்ப்பவர்கள் நாங்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு லைன். ஒவ்வொரு லைனுக்கும் குறியாக்கப் பூட்டு. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தப் பூட்டுக்கு ஒரு சான்றிதழ் உண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது காலாவதியாகும். புதியதை உள்ளே வைத்துவிட்டால் மட்டும் போதாது. மென்பொருளைப் பார்த்து, உன் பாதுகாப்பு அமைப்புகளை மறுபடி படித்துக்கொள் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு கட்டளை இருக்கிறது. பத்து எழுத்துக்கு மேல் போகாது. ஆனால் அதைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் பூட்டுப் போட்ட லைன்கள் அத்தனையையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டுத்தான் மென்பொருள் புதிதாகப் படிக்கும். அறுபடாமல் செய்வதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு வாசலைத் திறந்து, அதில் புதிய சான்றிதழை வைத்து, எந்த லைன் சும்மா இருக்கிறதோ அதை மட்டும் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். எல்லாம் மாறி, பழைய வாசல் காலியானபிறகு கட்டளையைத் தட்டினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மூன்று மணி நேரம் பிடிக்கும். எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்குக் காலத்தில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இதைப் பத்தொன்பது பக்கமாக எழுதினேன். பதினான்காம் பக்கத்தில், சின்னக் கிளினிக்குகளில் இருக்கும் பழைய இணைப்புப் பெட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அவற்றின் லைன் ஒருமுறை பட்டென்று அறுந்தால் தானாக எழாது. இரு பக்கமும் செய்திகளின் எண்வரிசை குழம்பிவிடும். ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று.

ஏன் வெள்ளி என்று நான் எழுதவில்லை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளியன்று முப்பத்தொரு கிளினிக்குகள்தான் திறந்திருக்கும், அதுவும் பெரியவை. ஜொகூர்க்காரர்களிடம் போய் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று யாராவது எழுதிக்காட்டுவார்களா?

அந்தப் பத்தொன்பது பக்கத்தை, அப்போது என்னோடு இங்கே வேலை பார்த்த ஹேமநாதன் இரண்டு பக்கமாக்கினார். என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். இரண்டாவது வாசல், சும்மா இருக்கும் லைன், பதினான்காம் பக்கம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். மிச்சம் இருந்தது, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கட்டளையைத் தட்டு என்பதுதான். தட்டினார். திறந்திருந்த முப்பத்தொரு கிளினிக்கின் லைனும் அறுந்தது. அவர்களிடம் இருப்பதோ புதுப் பெட்டிகள், ஒரு நிமிடத்தில் தாமாக எழுந்துகொண்டன. விடுமுறை நாளில் அந்த ஒரு நிமிடத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? மூடிக்கிடந்த நூற்றுச் சொச்சம் கிளினிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் புதிதாக இணைந்துகொண்டன. மூன்று மணி நேர வேலையை மூன்று நிமிடமாகக் குறைத்த மேதை என்று பெயர் வந்துவிட்டது. பாராட்டுக் கூட்டத்தில் யாரோ என் முறையைப் பற்றிக் கேட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார், "பிரேமா நல்லாதான் செய்வா. ஆனா ரொம்ப ஸ்லோ லா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான், நானும் சிரித்தது.

அடுத்த மாதம் என்னை உதவித் தொலைபேசிக்கு மாற்றினார்கள். அவர் ஆலோசகராகச் சிங்கப்பூருக்குப் போனார். இரண்டு ஆண்டு கழித்து வந்த புதுப்பிப்பும் அவருடைய இரண்டு பக்கத்தைப் பார்த்தே, ஒரு வெள்ளி விடுமுறையில், சத்தமில்லாமல் முடிந்தது. நான் நாள் முழுக்க ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, ரிசல்ட் வரவில்லை என்று நர்சுகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகள். ஒவ்வொரு நாளும் கறுவினேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் காரோட்டிக்கொண்டு போகும்போது, பாத்திரம் கழுவும்போது, திடீரென்று அந்த ஸ்லோ லா காதில் விழும். கையிலிருப்பதை நங்கென்று வைப்பேன். என் வீட்டில் விளிம்பு உடையாத தட்டு குறைவு.

இரண்டு வாரத்துக்கு முன்பு மாற்றத் திட்டப் படிவம் எல்லாருக்கும் மின்னஞ்சலில் வந்தது. சான்றிதழ் புதுப்பிப்பு. செய்பவர் ஹேமநாதன், சிங்கப்பூரிலிருந்து இதற்கென்றே வருகிறார். வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. நான் அதைப் பேன்ட்ரியில் மைலோ கலக்கிக்கொண்டே படித்தேன். இரண்டாவது முறை படித்தேன். கரண்டியை வைத்துவிட்டேன்.

போன ஆண்டு ஜனவரியிலிருந்து ஜொகூரில் விடுமுறை சனி, ஞாயிறு. மாநிலமே மாறியது. பள்ளிக்கூட வேன் மாறியது, சந்தை மாறியது, கல்யாணத் தேதிகள்கூட மாறின. வெள்ளிக்கிழமை இப்போது முழு வேலை நாள். நூற்று நாற்பத்திரண்டும் திறந்திருக்கும். காலை பதினொன்று என்பது, முதல் நாள் எடுத்த இரத்தத்தின் முடிவுகள் மொத்தமாக வந்து இறங்குகிற நேரம். எங்கள் தலைவர் ஜெயபாலன் ஆறு மாதத்துக்கு முன்புதான் கோலாலம்பூரிலிருந்து வந்தார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே வெள்ளி வேலை நாள். படிவத்தில் வெள்ளி என்று இருந்தால் ஜொகூரில் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஹேமநாதனுக்கோ வெள்ளி எதற்கு என்றே தெரியாது. அடுத்தவர் சமையல் குறிப்பைப் பார்த்து உப்புப் போட்டவர் அவர்.

தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். சொல்லவில்லை. மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்றெல்லாம் இங்கே கதைவிடப் போவதில்லை. அவர் விழ வேண்டும், எல்லாரும் பார்க்க விழ வேண்டும், அதை நான் ஒரு சக்கரமில்லாத என் நாற்காலியிலிருந்து பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்? அதையும் யோசித்தேன். அடி அவருக்கு மட்டும் விழ வேண்டும், வேறு யார் மேலும் ஒரு கீறல் விழக்கூடாது. இழுப்பறையைத் துழாவி, வெள்ளிக்கிழமை அவசரத் தொடர்புப் பட்டியலை எடுத்தேன். கிளினிக் பெயர், பணியில் இருக்கும் நர்சின் நேரடி எண், ஒரே தாளில் எல்லாம். நானே முன்பு தயாரித்தது. அதைப் படமெடுத்து ஆய்வகத்தில் இருக்கும் கால்வினுக்கு அனுப்பினேன். நல்ல பையன், முப்பது வயது, சொன்னதைச் செய்வான்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல லைன் கொஞ்சம் ஆடலாம் கால்வின். டேஞ்சரான ரிசல்ட் எது வந்தாலும் சிஸ்டத்த நம்பிட்டு இருக்காத. இந்த நம்பருக்கு நேரா போன் அடிச்சுச் சொல்லிடு."

"ஏன்க்கா, என்னா நடக்கப் போவுது?"

"ஒண்ணும் இல்ல லா. மெயின்டனன்ஸ்."

அவ்வளவுதான். மனசாட்சிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று இழுப்பறையை மூடினேன்.

பத்தே முக்காலுக்கு எல்லாரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். சுவர் முழுக்கத் திரை. அதில் நூற்று நாற்பத்திரண்டு பச்சைப் புள்ளிகள். பழைய வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சுவரில் முப்பத்தொன்றுதான் எரியும், மற்றவை சாம்பல் நிறத்தில் கிடக்கும். இன்று சுவர் முழுக்கப் பச்சை. அதைப் பார்த்தும் ஹேமநாதனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "இப்ப நல்லா வளர்ந்துட்டீங்க போல," என்று ஜெயபாலனிடம் சொன்னார். நான் மூலையில் என் தொலைபேசி மேசையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டேன்.

விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பழைய பழக்கமாக இருக்கலாம். முன்பெல்லாம் எதைத் தட்டுவதற்கு முன்பும் என்னைப் பார்ப்பார்.

"எல்லாம் ஓகேதானே பிரேமா?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தால் போதும். இன்னிக்கு வேண்டாம் அண்ணே, நாளைக்குச் செய்யலாம் என்றால் போதும்.

"நீங்க எழுதின டாக்குமென்ட்தானே அண்ணே," என்றேன்.

"அதானே," என்று சொல்லி, தட்டினார்.

முதல் இரண்டு விநாடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுவர் இருண்டது. பச்சை மொத்தமும் ஒரே நேரத்தில் அணைந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சில புள்ளிகள் மினுக்கி மினுக்கி எழுந்தன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எண்பத்து நான்கு பச்சை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஐம்பத்தெட்டு சிவப்பாகவே நின்றது.

"வந்துடும்," என்றார் ஹேமநாதன். "கொஞ்சம் டைம் எடுக்கும்."

ஐந்து நிமிடம். என் தொலைபேசியில் பன்னிரண்டு அழைப்புகள் வரிசையில் நின்றன. அவர் மறுபடி அதே கட்டளையைத் தட்டினார். எழுந்திருந்த எண்பத்து நான்கும் திரும்பச் சரிந்து, திரும்ப எழுந்தன. எனக்கு வயிற்றுக்குள் வெதுவெதுப்பாக, நல்ல பசிக்குப் பிறகு சோறு இறங்குவதைப்போல ஒரு சுகம். அதை மறைக்கப் போவதில்லை. அவர் பிடரியில் வேர்வை வழிவது ஏர்கோன் குளிரிலும் எனக்குத் தெரிந்தது.

முதல் அழைப்பு பத்து பாகாட் ஊரிலிருந்து. டயாலிசிஸ் மையத்து சூசையம்மாள், பெரிய நர்ஸ். "என்னாம்மா பிரேமா, லைன் செத்து செத்துப் பொழைக்குது? ஒங்க கால்வின் நல்லவன், ஒரு பேஷன்ட்டு ரிசல்ட்ட போன்லயே சொல்லிட்டான்."

"இப்ப சரியாயிடும்க்கா," என்றேன். என் ஏற்பாடு வேலை செய்கிறது. நானே என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பதினொன்று இருபதுக்கு ஜெயபாலன் எழுந்து ஹேமநாதனின் பின்னால் போய் நின்றார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல, அதுதான் பயம். "இந்த ஐம்பத்தெட்டும் ஏன் வரல?"

"நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும் சார். கிளினிக் பக்கம்."

"ஐம்பத்தெட்டு கிளினிக் பக்கமும் ஒரே நிமிஷத்துலயா?"

ஹேமநாதன் தன் இரண்டு பக்கத்தைப் புரட்டினார். இரண்டு பக்கத்தில் எவ்வளவு நேரம் புரட்ட முடியும்? நான் காதிலிருந்ததைக் கழற்றினேன். இந்த வரியை நான் இரண்டு வாரமாகக் காருக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"பதினாலாம் பக்கம் பாருங்க அண்ணே," என்றேன்.

"எது?"

"பழைய பெட்டி உள்ள லைன் அறுந்தா கையால எழுப்பணும். பதினாலாம் பக்கத்துல இருக்கு." கைப்பையிலிருந்து பத்தொன்பது பக்கத்தையும் எடுத்து ஜெயபாலன் கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயர், ஆறு ஆண்டுக்கு முந்தைய தேதி, அதை ஹேமநாதனுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலின் நகல். ஜெயபாலன் அதைப் படித்தார். பிறகு ஹேமநாதனின் இரண்டு பக்கத்தைப் படித்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "நீங்க எழுந்திரிங்க. அவங்க உக்காரட்டும்," என்றார்.

ஐந்து சக்கரமும் உள்ள நாற்காலி. அவர் உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. உட்கார்ந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐம்பத்தெட்டையும் பத்து நிமிடத்தில் எழுப்பிவிடும் ஒரு சின்ன நிரலை நான் எப்போதோ எழுதி வைத்திருந்தேன். என் கோப்புறையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. ஒவ்வொரு லைனாகத் திறந்து, எண்வரிசையைப் பார்த்து, சரிசெய்து, எழுப்பி, பச்சை வந்தபிறகு அடுத்ததற்குப் போனேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம். பின்னால் ஹேமநாதன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு உட்கார இடமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. போகவும் முடியாது. நிற்கட்டும். ஸ்லோ என்றால் என்ன என்று இன்றைக்கு முழுசாகப் பார்க்கட்டும்.

யார் அதிகமாகக் கத்தினார்களோ அவர்கள் லைனை முதலில் எழுப்பினேன். குளுவாங், மூவார், பொந்தியான். கத்தாதவர்கள் கடைசி. பன்னிரண்டரைக்கு மலாய் நண்பர்கள் ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். அறை அமைதியானது. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரே ஒரு சிவப்புதான் மிச்சம். பெக்கோக். ஒரு டாக்டரும் ஒரு நர்சும் மட்டும் இருக்கும் சின்னக் கிளினிக். காலையிலிருந்து ஒருமுறைகூட அவர்கள் அழைக்கவில்லை.

எழுப்பினேன். பச்சை வந்தது. பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். ஜெயபாலன் என் தோள் பக்கம் குனிந்து, "நல்லா செஞ்சீங்க," என்றார். நான் பெக்கோக் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு செய்திகள் தேங்கியிருந்தன. ஒன்றின்மேல் அவசரக் குறி. வந்து சேர்ந்த நேரம் பதினொன்று ஆறு.

கால்வினை அழைத்தேன். "பெக்கோக்குக்கு ஒரு அவசரம் வந்துச்சே. போன் பண்ணிச் சொல்லிட்டல்ல?"

"பெக்கோக்கா? எங்க ஸ்கிரீன்ல அனுப்பியாச்சுன்னு காட்டுதேக்கா."

காட்டும். நடுவில் நாங்கள் வாங்கிக்கொண்டாலே அவர்களுக்கு அனுப்பியாச்சு. "சிஸ்டத்த நம்பாத, போன் பண்ணுன்னு சொன்னேன்ல?"

"நீங்க குடுத்த லிஸ்டுல இருக்கற எல்லாருக்கும் பண்ணேன்க்கா. பெக்கோக்கு அதுல இல்லியே. லிஸ்டுல இல்லன்னா லைன் ஆடாதுன்னு நெனச்சேன்."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒரே தாள். எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை, இருந்தும் எண்ணினேன். முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை அவசரத் தொடர்பு. வெள்ளி விடுமுறையாக இருந்த காலத்தில், வெள்ளியன்று திறந்திருந்தவர்களின் பட்டியல். சிவப்பாக நின்ற ஐம்பத்தெட்டில் ஒன்றுகூட அதில் இல்லை. ஹேமநாதனுக்கு வெள்ளி மாறியது தெரியவில்லை என்று இரண்டு வாரம் சிரித்தவள் நான்.

கிளினிக்கை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை பூட்டிவிடுவார்கள். டாக்டரின் கைத்தொலைபேசி எங்களிடம் இல்லை. செய்திக்குள்ளே பார்க்கக் கூடாது என்பது விதி. திறந்து பார்த்தேன். வீரமுத்து, அறுபத்திரண்டு வயது, சிறுநீரகக் கோளாறு, பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று. நான்கு ஆண்டு இந்தத் தொலைபேசியில் உட்கார்ந்ததில் ஒன்றிரண்டு எண்களின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஏழு என்றால் எந்த நிமிடமும் இதயம் நின்றுவிடலாம். கீழே ஒரு கைத்தொலைபேசி எண் இருந்தது.

இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். "யாரு?"

"அம்மா, நான் பிளட் டெஸ்ட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். வீரமுத்து இருக்காரா?"

"நான் அவரு சம்சாரம், கருப்பாயி. அவரு போன வீட்லயே வெச்சிட்டு கிளினிக்குப் போனாரு. அங்க மணிக்கணக்கா உக்காந்திருந்தாராம். ரிசல்டு வரல, திங்கக்கெழம வாங்கன்னு அனுப்பிட்டாங்களாம். பக்கத்து வூட்டுத் தம்பி கடத்தெருவுல பாத்துட்டு வந்து சொன்னான். மீன் வாங்கிட்டு வர்றாராம்."

"எதுல வர்றாரு?"

"பைக்குலதான். ஏம்மா?"

திங்கட்கிழமை. சனியும் ஞாயிறும் இப்போது விடுமுறை. "அம்மா, பயப்படாதீங்க. ரிசல்ட் வந்துருச்சு. அவரு வந்தவொடனே, ஒரு நிமிஷம் நிக்காம, செகாமாட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். எமர்ஜென்சிக்கு. அவர ஓட்ட விடாதீங்க. யார் வீட்லயாச்சும் கார் இருக்கா?"

"எதுத்த வூட்ல இருக்கு." அவள் குரல் மாறிவிட்டது. "ரெண்டு நாளா காலுல தெம்பே இல்லங்கறாரு. நான் வயசுன்னு நெனச்சேன்."

"கார எடுத்து வெளிய வெக்கச் சொல்லுங்க. போனை வெக்காதீங்க."

"வெக்கல. நீங்களும் வெச்சிறாதீங்க. நான் ரோட்டுக்குப் போயி நிக்கறேன். அவரு பைக்கு சத்தம் எனக்குத் தெரியும், சைலன்சர் ஒடஞ்சது."

செருப்பு சரளைக் கல்லில் தேய்கிற சத்தம் கேட்டது. யாரையோ கூப்பிட்டாள். ஒரு நாய் குரைத்தது. இன்னொரு தொலைபேசியில் செகாமாட் ஆம்புலன்சை அழைத்து முகவரி சொன்னேன். எப்போது வரும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஒரு காதில் பெக்கோக் தெருவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஜெயபாலன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் ஆம்புலன்சோடு பேசியதை அவர் கேட்கவில்லை, மேலிடத்தோடு பேசிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். சம்பவ அறிக்கை. காரணம் என்ற இடத்தில் ஹேமநாதனின் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். நான்கு ஆண்டாக நான் பார்க்க ஆசைப்பட்ட எழுத்து. "கீழ ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. எல்லார்கிட்டயும் கேக்கணும், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. டிக் பண்ணிட்டு சைன் போடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இந்த ஆபத்து முன்பே தங்களுக்குத் தெரிந்திருந்ததா? ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.

ஹேமநாதன் இன்னும் என் நாற்காலியின் பின்னாலேயே நின்றிருந்தார். கருப்பாயியிடம் நான் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். மேசைமேல் கிடந்த பட்டியலை அவர் குனிந்து பார்த்தார். கால்வினுக்கு அனுப்பிய தேதியை ஓரத்தில் நானே குறித்து வைத்திருந்தேன். எதையும் எழுதிவைக்கிற பழக்கம். பத்து நாளுக்கு முந்தைய தேதி.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா, தங்கச்சி?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். சண்டைபோடும் குரல் இல்லை. அவர் முகத்தில் நான் ஆசைப்பட்டதெல்லாம் இருந்தது, அவமானம், வேர்வை, இனி எங்கே போவது என்கிற கலக்கம். கூடவே வேறொன்றும் இருந்தது. என்னையும் தன்னைப்போல் ஒருத்தியாகப் பார்க்கிற பார்வை. அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

உதட்டில் விரல் வைத்து அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

தொலைபேசியில் தூரத்தில் ஒரு பைக். நான் பேனாவைப் பிடித்தபடியே மூச்சை அடக்கினேன். சத்தம் நெருங்கி, சைலன்சர் ஒழுங்காக உள்ள வேறு யாருடைய பைக்கோ, தாண்டிப் போய்விட்டது. கருப்பாயியின் மூச்சு மட்டும் கேட்டது, கூடவே எதிர்வீட்டுக் கார் என்ஜின் போடும் சத்தம். சுவரில் நூற்று நாற்பத்திரண்டு பச்சை. ஹேமநாதன் அசையாமல் நின்றார், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு இன்னொரு பைக். கரகரவென்று, உடைந்த சத்தம். "அவருதான்," என்றாள் கருப்பாயி. சத்தம் வளர்ந்தது. காதிலிருந்ததை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன், பேனா உருண்டு படிவத்தின்மேல் போய் நின்றது. அந்தக் கரகரப்பு இன்னும் கொஞ்சம் நெருங்கி, விட்டுவிட்டு வந்து, சட்டென்று நின்றது.

"இங்க இல்ல," என்றாள் அவள். "ரோட்டு மொடக்குல நின்னுருச்சு."

செருப்பு சரளைக் கல்லில் ஓடத் தொடங்கியது.